எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ‘மறுபடி ஏறிடுமோ?’ என்ற பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (வயிற்றில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து நேரே குடலோடு இணைப்பது), மினி பைபாஸ் (அதையே ஒரே இணைப்பில் செய்வது) ஆகிய மூன்றில் எதைச் செய்துகொண்டவர்களுக்கும் இந்தப் பக்கம் பொருந்தும். ஒன்றுக்கு மட்டும் பொருந்துவதை அங்கங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எடை மறுபடி ஏறுமா?

கொஞ்சம் ஏறும். பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தான் செய்கிறது. ஆனால் பழைய எடைக்கே திரும்பிப் போகிறவர்கள் குறைவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி பயம் பிறக்கிறது.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 2-ஆம் ஆண்டில் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தது. 6-ஆம் ஆண்டில் அது 36 கிலோ, 12-ஆம் ஆண்டில் 35 கிலோ. இந்தக் கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஏற்றம் எல்லாம் 2-க்கும் 6-க்கும் நடுவில் நடந்துவிட்டது, அதன்பின் எடை நிலைத்துவிட்டது. இவை சராசரிகள் என்பதால் ஒவ்வொருவருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல முடியாது. மொத்தத்தில் பைபாஸைவிட ஸ்லீவில் ஏறும் வாய்ப்பு சற்று அதிகம்.

வயிற்றையே வெட்டி எடுத்தாகிவிட்டதே, பிறகு எப்படி ஏறுகிறது?

ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. ‘கிரெலின்’ என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. முதல் ஓராண்டு பசியே இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 12 முதல் 18 மாதம் வரையிலான இந்தக் காலத்தைத் ‘தேனிலவு’ என்பார்கள். பேச்சுவழக்கானாலும் பொருத்தமான பெயர்தான்.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. பசி ஓரளவு திரும்புகிறது. வயிறு தசையால் ஆனது என்பதால் கொஞ்சம் இளகி, முதல் மாதம் அரை இட்லியோடு நிறைந்த இடம் பிறகு இரண்டு இட்லியை ஏற்கிறது. மூன்றாவதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 118 கிலோ உடம்பை நடத்த ஆன செலவு 74 கிலோ உடம்புக்கு ஆகாது. அதிலும் இளைத்த உடம்பு கணக்குக்கு மேலேயே சிக்கனம் பிடிக்கும். தசையும் கரைந்திருந்தால் செலவு இன்னும் குறையும். அதனால் இரண்டாம் ஆண்டில் எடையை இறக்கிக்கொண்டிருந்த அதே சாப்பாடு, மூன்றாம் ஆண்டில் எடையை நிறுத்தி வைக்கும். அதற்கு மேல் ஒரு கைப்பிடி சேர்ந்தாலும் எடை ஏறும்.

ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது. ஆரம்பித்துவிட்டதா?

பெரும்பாலும் அது தண்ணீர். ஒரு கல்யாண விருந்து, ஊறுகாய் அப்பளத்தோடு இரண்டு நாள், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், மலச்சிக்கல் என்று இதில் எதுவும் ஒன்றிரண்டு கிலோவைக் காட்டும். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உங்கள் தேவைக்கு மேல் சுமார் 15,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். உங்கள் வயிற்றுக்கு அது சாத்தியமில்லை.

வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன்னால், அதே மெஷினில் பாருங்கள். மெஷின் பாயிலோ மிதியடியிலோ இல்லாமல் தரையில் இருக்கட்டும். காலண்டரில் எழுதி வைத்து, நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். தனியாக ஒரு எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

அப்படியானால் எத்தனை கிலோ ஏறினால் கவலைப்படலாம்?

கிலோவாகப் பார்ப்பதைவிட, இழந்ததில் எவ்வளவு திரும்பியது என்று பார்ப்பது சரி. 118-லிருந்து 74-க்கு வந்தவர் இழந்தது 44 கிலோ. இப்போது 78 என்றால் திரும்பியது 4. அதாவது ஒன்பது சதவீதம். அவருடைய உடம்பு தன் இடத்தில் உட்காருகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். அதே 4 கிலோ, மொத்தமே 16 கிலோ இழந்தவருக்குக் கால்வாசி.

நடைமுறைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த எடையைவிட 3 கிலோ கூடி, ஒரு மாதம் அப்படியே நின்றால், இரண்டு வாரம் சாப்பாட்டுக் குறிப்பு எழுதுங்கள். இழந்ததில் பத்து சதவீதத்தைத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் டயட்டீஷியனிடம் போங்கள். கால்வாசி திரும்பிவிட்டால் சர்ஜனையும் பார்த்து முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 4 கிலோவில் வந்தால் சாப்பாட்டைத் திருத்தினாலே பெரும்பாலும் போதும். 20 கிலோவில் வந்தால் எடை குறைக்கும் ஊசியா, மறு ஆபரேஷனா என்ற பேச்சு வந்துவிடுகிறது.

நான் சாப்பிடுவதே இத்தனூண்டு. அதில் எப்படி எடை ஏறும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. சாப்பாட்டு வேளையில் அவர்கள் சாப்பிடுவது நிஜமாகவே கொஞ்சம்தான். எடை ஏறுவது வேளைகளுக்கு நடுவில்.

ஒரு துண்டு கோழியை மென்று விழுங்கினால், ஸ்லீவ் வயிற்றின் அடிப்பகுதி அதை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைத்த பிறகுதான் கீழ்வாசல் வழியே அனுப்பும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் நான்காவது வாயிலேயே நெஞ்சு கனத்து, போதும் என்றாகிவிடும். இப்போது முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடி, ஒரு வாய் டீ. வாயிலேயே அது கூழாகிவிடுகிறது. அரைக்க எதுவும் மிச்சமில்லாததால் வயிற்றில் தங்காமல் வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடுகிறது. வயிறு நிறைந்த உணர்வே வராது. இரண்டாவது முறுக்குக்கு இடம் இருக்கும், பத்தாவதுக்கும் இருக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தக் கீழ்வாசலும் வழியில் இல்லை.

இப்படி வழுக்கிப் போகும் பட்டியல் நம் வீடுகளில் பெரியது: மிக்சர், காராசேவு, டீயில் நனைத்த ரஸ்க், பிஸ்கட், ஐஸ்கிரீம், பாயசம், கஞ்சி, குழைய விட்ட ரசம் சாதம், மசித்த தயிர் சாதம். தயிர் சாதத்தைச் சேர்த்ததற்குப் பலர் கோபப்படுவார்கள். ஆபரேஷன் ஆன புதிதில் அதுதான் இதமாக இறங்கியது. ஆனால் இரண்டு வருடம் கழித்தும் கோழியோ சுண்டலோ ‘இறங்கவில்லை’ என்று தயிர் சாதத்திலேயே தங்கிவிட்டால், அங்கேதான் கணக்கு வழுக்குகிறது.

50 கிராம் மிக்சர், அதாவது கை நிறைய ஒன்றரைப் பிடி, 250 கலோரிக்கு மேல். 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த காபி சுமார் 100 கலோரி. அதை நாலு தடவை குடித்தால் 400. தினம் 250 கலோரி கூடுதலாகப் போனால், காகிதக் கணக்கில் மாதம் ஒரு கிலோ. நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் குறையும். வேளைச் சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடக் கூட்டாமலே ஆண்டுக்கு ஏழெட்டு கிலோ ஏறுவது இப்படித்தான்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணமா?

ஆமாம். திட உணவை நீங்களே கரைத்து அனுப்பிவிடக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் குடிக்காதீர்கள். நாள் முழுக்க 1.5 முதல் 2 லிட்டர், வாய் வாயாக. இந்தப் பழக்கம்தான் இரண்டாம் ஆண்டில் முதலில் கைவிட்டுப் போகிறது.

சைவம் நான். 60 கிராம் புரதத்துக்கு எங்கே போவது?

தினம் 60 முதல் 80 கிராம் தேவை. இட்லியிலும் சாம்பாரிலும் இதை எட்ட முடியாது. ஒரு இட்லியில் 2 கிராம்தான் இருக்கிறது. ஓட்டல் சாம்பார் கிட்டத்தட்டப் பருப்பு வாசனை வீசும் தண்ணீர்.

ஒரு நாளைக்கு இப்படி அமைக்கலாம். காலையில் ஒரு ஸ்கூப் வே புரதப் பொடியைத் தண்ணீரிலோ நீர்மோரிலோ கலக்கினால் சுமார் 24 கிராம். மதியம் 75 கிராம் பனீர் 13, தயிர் 150 கிராம் 5. மாலையில் மிக்சர் இருந்த இடத்தில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8. இரவில் 25 கிராம் காய்ந்த மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து செய்த பொரியல் 13. கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி சேர்த்தால் 65-ஐத் தாண்டிவிடும். அசைவம் என்றால் எளிது. இரண்டு முட்டை 12, நூறு கிராம் மீன் 20, வெந்த கோழி 75 கிராம் 20.

தட்டில் வரிசைதான் முக்கியம். முதலில் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் இரண்டு மூன்று ஸ்பூன் சோறு. நாம் பழகியது இதற்கு நேர் எதிர். சோற்றை மலையாகக் குவித்து, அதைத் தள்ள ஒரு துண்டு மீன்.

கல்யாணப் பந்தி, தீபாவளிப் பலகாரம் இதெல்லாம்?

பந்தியில் உட்காருவதற்கு அரை மணி முன்பே தண்ணீரை முடித்துக்கொள்ளுங்கள். இலையில் கூட்டு, பொரியல், வடை முதலில். சோற்றுக்கு ஒரு கரண்டிக்கு மேல் கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். பாயசத்தைக் கடைசியில் இரண்டு ஸ்பூன் ருசிக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு படபடப்பையும் வியர்வையையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரலாம். ‘டம்பிங்’ என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதையே காவலாக நம்பாதீர்கள். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்கும் நாளாக ஆகக் குறையும்.

ஒரு விருந்தால் எடை ஏறாது. தீபாவளி முடிந்து பத்து நாள் டப்பாவில் மிஞ்சியிருக்கும் பலகாரத்தால்தான் ஏறுகிறது.

பசி திரும்பிவிட்டது. வயிறு விரிந்துவிட்டதா?

முதலில் அது பசியா என்று பாருங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருவது சகஜம். வயிற்றில் வரும் அந்தக் காந்தலைப் பலர் பசி என்று நினைத்து ஒரு பிஸ்கட்டைப் போடுகிறார்கள், ஐந்து நிமிடம் அடங்குகிறது, மறுபடி காந்துகிறது. சாப்பிட்டு ஒரு மணிக்குள் ‘பசி’ வந்தால், குனியும்போதும் படுக்கும்போதும் கூடினால், டாக்டரிடம் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையிலேயே இந்தப் ‘பசி’ நின்றுபோகலாம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டி, எதையாவது தின்றே ஆக வேண்டும் போலிருந்தால், அது சர்க்கரை தாழ்வாக இருக்கலாம். ஆபரேஷன் ஆகி ஓராண்டுக்குப் பிறகே பெரும்பாலும் தலைகாட்டும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் புரதமுள்ள எதையாவது சாப்பிடுங்கள். எண்ணை எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். சோறு மட்டும், பழச்சாறு மட்டும் என்று சாப்பிடுவதை விடுவதுதான் இதற்கு முதல் மருந்து. இல்லாவிட்டால் தாழ்வுக்குச் சர்க்கரை, சர்க்கரையால் மறுபடி தாழ்வு என்று எடை ஏறும்.

இவை இரண்டும் இல்லையென்றால் அது சாதாரணப் பசி. ஆரோக்கியமான உடம்புக்கு வேளைக்குப் பசிக்கத்தான் செய்யும். வயிறு நிஜமாகவே விரிந்திருக்கிறதா என்பதை பேரியம் எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி, சில இடங்களில் சி.டி. ஸ்கேன் மூலம்தான் சொல்ல முடியும்.

ஐந்து நாள் திரவ உணவில் வயிற்றை மறுபடி சுருக்கலாமாமே?

சுருங்காது. ‘பவுச் ரீசெட்’ என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும் இந்தத் திட்டத்தில் ஐந்து நாளில் இரண்டு மூன்று கிலோ இறங்கும். அது தண்ணீர். ஆறாவது நாள் திரும்பி வரும். அதோடு ஒரு வாரப் புரதமும் போய்விடும்.

பயத்தில் சாப்பிடவே பிடிக்கவில்லை. தினம் நாலைந்து தடவை எடை பார்க்கிறேன்.

எடை ஏற்றத்தைவிட இந்தப் பயம் சீக்கிரம் கெடுதல் செய்யும் சந்தர்ப்பங்கள் உண்டு. வேளையைத் தவிர்த்தால் கொழுப்போடு தசையும் கரையும். முடி கொட்டும். ஆபரேஷன் ஆகி 3 முதல் 6 மாதத்தில் கொட்டுவது வழக்கமானது, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். ஒன்றரை வருடம் கழித்துக் கொட்டினால் புரதம், இரும்பு, துத்தநாகம், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். தசை குறைய உடம்பின் தினச் செலவும் குறைகிறது, நீங்கள் பயந்தது நடப்பதற்கு நீங்களே வழி போடுகிறீர்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர் ராத்திரி பதினோரு மணிக்கு எதன் முன்னால் நிற்பார் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தக் காரணத்தாலும் பல நாள் வாந்தி தொடர்ந்தால், வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையைத் தாக்கலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். அது அவசரம், ஒரு நாளும் தள்ளக் கூடாது. பக்கத்து கிளினிக்கில் சோர்வுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். இந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். ‘இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 கொடுங்கள்’ என்று கூட வருபவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மெஷினை விட முடியாவிட்டால் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கம் நான். ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை.

சின்ன வயிற்றால் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது. ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப்போவது அளவைப் பொறுத்ததில்லை. அரை மணிக்கு ஒரு பிடி என்று மாலை முழுக்க மென்றுகொண்டிருப்பதும் அதுதான். ஆபரேஷன் வயிற்றில்தான் நடந்தது. கோபம் வந்தால், தனியாக இருந்தால் கை டப்பாவுக்குப் போகும் பழக்கம் அப்படியே இருக்கிறது. இதற்கு மனநல ஆலோசகர் தேவை. டயட் சார்ட் மட்டும் போதாது. அதுவரை, சாப்பிடுவதற்கென்று ஐந்து நேரம் குறித்துக்கொண்டு, உட்கார்ந்து, தட்டில் வைத்து மட்டும் சாப்பிடுங்கள்.

எப்போதாவது ஒரு பெக்?

60 மில்லி பிராந்தி சுமார் 140 கலோரி, வயிறு நிறையாது. பைபாஸுக்குப் பிறகு போதை சட்டென ஏறும். இரண்டாம் ஆண்டு முதல் மது அடிமைத்தனம் வரும் ஆபத்தும் கூடுகிறது. விட்டுவிடுவதே நல்லது.

தினம் நடக்கிறேன். போதாதா?

நடை எடையைத் தக்கவைக்க உதவும். வாரம் 150 நிமிடத்தில் தொடங்கி 250, 300 வரை கூட்டுங்கள். ஆனால் தசையை நடை வளர்க்காது. வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது 10 தடவை. இதை மூன்று சுற்று செய்து, சுலபமாகும்போது பளுவைக் கூட்டுங்கள். ஜிம் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

சாப்பாடும் சரி, நடையும் சரி. இருந்தும் ஏறுகிறது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஒலான்சபின், மிர்டாசபின், வால்ப்ரோயேட், பிரிகாபலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

ஆபரேஷன் சார்ந்த காரணங்களும் உண்டு. ஸ்லீவில் மேல்பகுதி கொஞ்சம் விடப்பட்டிருக்கலாம். பைபாஸில் இணைப்பு வாய் அகன்றிருக்கலாம். அரிதாக, சின்னப் பைக்கும் ஒதுக்கி வைத்த பழைய வயிற்றுக்கும் நடுவில் துளை விழுந்து உணவு பழைய வழியே போகும். இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

15 கிலோ ஏறிவிட்டது. டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

எடை இறங்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்கள், ஏற ஆரம்பித்ததும் போனையே எடுக்காமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உடல் பருமன் நாட்பட்ட நோய். ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் யாரும் வெட்கப்படுவதில்லை. திட்டுகிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரிடம் போங்கள். ஆபரேஷன் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருந்தால் போதும்.

போகும்போது மூன்று எண்கள் வேண்டும்: ஆபரேஷன் நாள் எடை, மிகக் குறைந்த எடை, இன்றைய எடை. கூடவே இரண்டு வாரச் சாப்பாட்டுக் குறிப்பு. ‘டீ 2’ என்று எழுதாமல், எத்தனை ஸ்பூன் சர்க்கரை, கூட என்ன தின்றீர்கள் என்று எழுதுங்கள்.

எடை குறைக்கும் இந்தப் புதிய ஊசிகள் எங்களுக்கும் வேலை செய்யுமா?

செய்கின்றன. ஆபரேஷனில் போதிய எடை குறையாதவர்களுக்கு 24 வாரம் லிராகுளூடைட் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2023-ல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம். இந்தியாவில் டிர்செபடைட் மவுன்ஜாரோ என்ற பெயரிலும், எடைக்கான செமாகுளூடைட் வெகோவி என்ற பெயரிலும் 2025-ல் வந்தன. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். குமட்டலில் புரதமும் தண்ணீரும் குறைந்துவிடும். ஏற்கெனவே சின்ன வயிறு உள்ளவர்களுக்கு அது சீக்கிரம் தொல்லையாகும். கணைய அழற்சி வந்தவர்கள், மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ள குடும்பத்தினர் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது ஆபரேஷன்?

ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதுதான் அதிகம் நடக்கிறது. எடை ஏற்றத்தோடு கடுமையான நெஞ்செரிச்சலும் இருந்தால் அதற்கு நல்ல நியாயம் உண்டு. முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல்கள் அதிகம், குறையும் எடை கம்மி. முறுக்கும் டீயும் காரணமாக இருந்தால், புதிய வயிற்றிலும் அவை அதே போல வழுக்கும். பைபாஸில் இணைப்பு வாய் அகன்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டுச் சுருக்கும் முறை இருக்கிறது.

எடை நிலையாக இருக்கிறது. மாத்திரைகளை நிறுத்தலாமா?

கூடாது. மல்டிவைட்டமின், வைட்டமின் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட் எல்லாம் ஆயுளுக்கும். கால்சியத்தை ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் அளவில் பிரித்து, இரும்புக்கும் அதற்கும் இரண்டு மணி இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, எடை ஒரு கிராம்கூட ஏறாத வருடத்திலும்.